ரத்தம் சொல்வதும் மூக்கு நீர் சொல்வதும்: வைரஸ் தொற்றில் எதிர்ப்புப் புரதங்கள்

கேள்வி இதுதான்: சாதாரணச் சளி, இன்ஃப்ளூயன்சா, கோவிட் போன்ற வைரஸ் தொற்றுகளில் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்திலும் மூக்கு நீரிலும் எச்சிலிலும் ஒரே மாதிரி இருக்குமா? ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருப்பதாக அறிக்கை வந்தவருக்கும் மறுபடி தொற்று வருவது ஏன்? காய்ச்சல் கொதிக்கும்போது எடுத்த சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் உயரும் ஒரு புரதம்) சாதாரணமாக வந்தால் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யவில்லை என்று பொருளா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலரை வீணாகப் பயமுறுத்துவது அதுதான். அப்படிப் பொருள் இல்லை. சுவாச வைரஸ்களில் பெரும்பாலானவை ரத்தத்தில் பெருகுவதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் உட்புறச் செல்களில்தான் அவை பெருகுகின்றன. முதல் எதிர்ப்பும் அங்கேயே, அந்தச் செல்கள் நனைந்திருக்கும் நீரிலேயே நடக்கிறது. ரத்தத்தை மட்டும் பார்த்து அதை எடைபோடுவது, பக்கத்து ஊரில் நடக்கும் சண்டையை இங்கே காதில் விழும் இரைச்சலை வைத்துக் கணிப்பதைப் போன்றது. இரைச்சல் கேட்டால் சண்டை பெரிது என்று தெரியும். கேட்காவிட்டால் சண்டையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி வரிசையாக வருகிறேன். வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்ததும், அதன் மரபணுப் பொருளை அந்தச் செல் அந்நியமானது என்று கண்டுகொண்டு, இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடுகிறது. இதைக் கண்டறிந்த விதமே நம் கேள்விக்குப் பொருத்தமானது. 1957-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் இருவரும், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிமுட்டையின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுகள் ஊறியிருந்த திரவத்தை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் சேர்த்தார்கள். புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் சரியாகப் பெருகவில்லை. எதிர்ப்பு, செல்லை விட்டு வெளியேறித் திரவத்தில் கரைந்திருந்தது. ஒரு செல்லின் எச்சரிக்கை அதன் வழியே இன்னொரு செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அவற்றிலிருந்து பிறக்கும் புரதங்கள் சில வைரஸின் நுழைவைத் தடுக்கின்றன, சில அதன் ஆர்என்ஏவை அறுக்கின்றன, சில செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கின்றன. ஆல்ஃபா, பீட்டா வகை இன்டர்ஃபெரான்களுக்கான ஏற்பிகள் (அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உண்டு. அதனால் அவை ரத்தத்தில் கலந்தால் உடல் முழுவதும் அதை உணரும். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவை ஊசியாகப் போட்ட காலத்தில் நோயாளிகளுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி எல்லாம் வந்தன. ஃப்ளூ வைரஸ் அவர்கள் உடலில் இல்லவே இல்லை. ஃப்ளூவில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி நம்முடைய புரதங்களால் வருவதுதான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

2003-ல் கண்டறியப்பட்ட லாம்டா வகை வேறு விதமானது. அதன் ஏற்பிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதை, குடல் போன்ற இடங்களின் உட்புறச் செல்களில்தான் இருக்கின்றன. ஆகவே அது பெரிய அழற்சியைக் கிளப்பாமல் அந்த இடத்திலேயே காவல் காக்கிறது. மூக்கு நீரில் இது நன்றாக உயர்ந்திருக்கும்போது ரத்த அறிக்கையில் சுவடே தெரியாமல் இருக்கலாம்.

நேரமும் முக்கியம். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் மூக்கில் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸை விட்டு, நாள்தோறும் மூக்கைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தார்கள். இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவும் ஐஎல்-6 என்ற சைட்டோகைனும் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்) இரண்டாம் நாளிலேயே உச்சத்துக்குப் போயின. வைரஸ் அளவும் காய்ச்சலும் உபாதைகளும் உச்சம் தொட்டதும் அதே சமயத்தில்தான். டிஎன்எஃப், ஐஎல்-8 போன்ற வேறு சைட்டோகைன்கள் அதற்குப் பிறகே உயர்ந்தன. நம்மில் பலர் பரிசோதனைக்குப் போவது காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்த பிறகு. அதற்குள் முதல் அலை ஓய்ந்திருக்கும்.

இப்போது சிஆர்பி. இது மூச்சுப்பாதையில் உண்டாவதில்லை, கல்லீரலில் உண்டாகிறது. மூக்கிலோ நுரையீரலிலோ உண்டான ஐஎல்-6 போதுமான அளவு ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்ட வேண்டும். கல்லீரல் சிஆர்பியை உற்பத்தி செய்து ரத்தத்தில் விட வேண்டும். தூண்டுதல் கிடைத்துச் சில மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கினாலும், உச்சத்துக்கு வரச் சுமார் இரண்டு நாள் ஆகும். தூண்டுதல் நின்றபின் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1930-ல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லட்டும் ஃபிரான்சிஸும் இதை முதலில் கண்டது நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில். அது வைரஸால் வந்த நிமோனியா அல்ல, நிமோகாக்கஸ் பாக்டீரியாவால் வந்தது. இன்றும் பாக்டீரியா நிமோனியாவில் சிஆர்பி லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும் வைரஸ் சளியில் அது அசையாமலே இருக்கலாம். ஆனால் இதைக் கோடு கிழித்தாற்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் அடினோவைரஸ் தொற்று சிஆர்பியை நன்றாக ஏற்றிவிடும், தீவிர கோவிட்டும் அப்படியே.

ஐஎல்-6 அளவைத் தனியாகச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் கோவிட் காலத்தில் பரவியது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பது அதே வேகத்தில் பரவவில்லை என்பதே என் வருத்தம். முதலில் அளவின் நுணுக்கத்தைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) அல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம் இருக்கிறது. நலமாக இருப்பவரிடம் அதே மில்லிலிட்டரில் ஐஎல்-6 இருப்பது சில பிக்கோகிராம்தான். ஐஎல்-6-ஐவிட அல்புமின் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு. இவ்வளவு சொற்பமான பொருளை அளக்கும்போது, ரத்தத்தை எடுத்துச் சில மணி நேரம் அப்படியே வைத்திருந்தாலும் குழாய்க்குள் இருக்கும் வெள்ளையணுக்களே அளவை மாற்றிவிடக் கூடும்.

அடுத்து, எண் உயர்ந்தால் ஆபத்து, குறைந்தால் நலம் என்ற கணக்கும் எல்லா நேரமும் சரிவராது. ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்தால், சீரத்தில் ஐஎல்-6 அளவு குறையாமல் உயர்கிறது. ஏற்பியில் சென்று ஒட்டி அகற்றப்பட வேண்டிய ஐஎல்-6 போக இடமில்லாமல் ரத்தத்திலேயே தேங்குவதுதான் காரணம். அதே நோயாளியின் சிஆர்பி சரசரவென்று இறங்கும், ஏனெனில் கல்லீரலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த நிலையில் புதிதாக ஒரு பாக்டீரியா தொற்று வந்தாலும் சிஆர்பி அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் இதை மறந்தால் விளைவு மோசமாக இருக்கும்.

இந்தப் புரதங்களைச் சரியான ஆளிடம், சரியான நேரத்தில் அடக்குவது உயிர் காக்கும் என்பதும் நிரூபணமான உண்மை. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் ஆக்சிஜன் குறைந்து, சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்த கோவிட் நோயாளிகளுக்கு டோசிலிசுமாப் கொடுத்தபோது, 28 நாளில் இறந்தோர் விகிதம் 35-லிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41-லிருந்து 29 சதவீதமானது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அந்த ஸ்டீராய்டால் பயன் தெரியவில்லை. வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் முதல் நாட்களில் எதிர்ப்பை அடக்கினால் வைரஸுக்குத்தான் வசதி. காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குபவர்களைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

மூக்கு நீருக்கு வருவோம். சளி பிடித்து மூக்கு ஒழுகும்போது வெளிவருவது வெறும் நீர் அல்ல. சளிக்கு முக்கியக் காரணமான ரைனோவைரஸ் மூக்கின் உட்சவ்வை அதிகமாகச் சிதைப்பதில்லை. ஆனால் தொற்றின்போது பிராடிகினின் போன்ற கினின்கள் என்ற சிறு புரதத் துண்டுகள் அங்கே உண்டாகி ரத்த நாளங்களைக் கசிய வைக்கின்றன. அதனால் ரத்தத்தில் இருக்கும் அல்புமினும் ஐஜிஜி ஆன்டிபாடிகளும் மூக்கு நீரில் இறங்குகின்றன. சில நாள் கழித்துச் சுரப்பிகளின் பங்கு கூடுகிறது: மியூசின், லைசோசைம், லாக்டோஃபெரின் எல்லாம் அங்கிருந்து வருபவை. லைசோசைமை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-ல் விவரித்தார். பென்சிலினுக்குச் சில ஆண்டுகள் முன்பு, சளி பிடித்தவரின் மூக்குச் சளியை வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்த்ததில் கிடைத்தது அது. அது பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் புரதம், வைரஸுக்கு எதிராகப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

சளியின் நிறத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பச்சை கலந்த மஞ்சளாக மாறினால் பாக்டீரியா வந்துவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அந்தப் பச்சை பாக்டீரியாவின் நிறம் அல்ல. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது. இரும்பு அடங்கிய அந்தப் புரதத்தின் இயல்பான நிறமே பச்சை. ஐஎல்-8 அழைத்து நியூட்ரோஃபில்கள் கூட்டமாக மூக்குக்குள் வந்து, மடிந்து, தம் நொதியைக் கொட்டும்போது சளி பச்சையாகிறது. வைரஸ் தொற்று மட்டும் இருக்கும்போதும் இதெல்லாம் நடக்கும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருந்தும் ஏன் தொற்று வருகிறது?

ரத்தப் பரிசோதனையில் அளப்பது பெரும்பாலும் ஐஜிஜி. சீரத்தில் லிட்டருக்கு 7 முதல் 16 கிராம் வரை இருக்கும் இந்த வகை, சுமார் மூன்று வாரம் ஆனால்தான் பாதியாகக் குறையும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் மேற்பகுதி ஆகியவற்றில் ஆட்சி செய்வதோ ஐஜிஏ. நம் உடல் நாளொன்றுக்கு உண்டாக்கும் ஐஜிஏ, மற்ற எல்லா ஆன்டிபாடி வகைகளையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். பெரும்பகுதி குடலிலும் மூச்சுப்பாதையிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் வெளியே போய்விடுவதால் ரத்த அறிக்கையில் இந்தப் பெருக்கம் தெரிவதில்லை.

அது வெளியே வரும் வழியைக் கிட்டத்தில் பாருங்கள். மூக்கின் உட்சவ்வுக்கு அடியில் ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. அவை இரண்டு ஐஜிஏ மூலக்கூறுகளை ஜே சங்கிலி என்ற சிறு புரதத்தால் இணைத்து இரட்டையாக விடுகின்றன. உட்சவ்வுச் செல்லின் அடிப்பக்கத்தில் ஓர் ஏற்பி காத்திருக்கிறது. அது இந்த இரட்டையைப் பற்றி, சிறு பையில் வைத்துச் செல்லின் குறுக்கே மேற்பக்கம் வரை கொண்டுபோகிறது. அங்கே ஏற்பியே அறுபடுகிறது. அதன் ஒரு பகுதி ஐஜிஏவைச் சுற்றிக்கொண்டு கூடவே வெளியே போய்விடுகிறது. அந்தத் துண்டு இருப்பதால்தான் ஐஜிஏ புரதம் அறுக்கும் நொதிகளுக்குத் தப்பிச் சளிப் படலத்தில் தங்கி நிற்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஓர் ஏற்பி செலவாகிறது, மறுபடி பயன்படுவதில்லை. உடல் இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறது என்றால் அந்த இடத்தின் அவசியம் அப்படி.

இந்த இரட்டை ஐஜிஏவுக்கு வைரஸைப் பிடிக்க நான்கு முனைகள் உண்டு, ஐஜிஜிக்கு இரண்டுதான். ரத்தத்தில் இருக்கும் ஐஜிஏவோ பெரும்பாலும் ஒற்றை மூலக்கூறு. ஆகவே 'ஐஜிஏ' என்று ஒரே பெயரில் அறிக்கை வந்தாலும், சீரத்தில் அளந்தது மூக்கில் இருப்பதற்கு ஈடாகாது. நுரையீரலின் அடிப்பகுதியில், காற்று நுண்ணறைகளில், கதை மாறுகிறது. அங்கே சுவர் மிக மெல்லியது. ரத்தத்திலிருந்து ஐஜிஜி உள்ளே வந்துவிடுகிறது, அங்கே அதுவே முதன்மை.

இப்போது விடை தெளிவாகிறது. தசையில் போடும் தடுப்பூசி ரத்தத்தில் ஐஜிஜியை நன்றாக உயர்த்தும், அதனால் நுரையீரல் காக்கப்படும். நிமோனியாவும் மரணமும் குறையும். மூக்கில் ஐஜிஏவை அது அவ்வளவாக உயர்த்துவதில்லை. வைரஸ் மூக்கில் இறங்கிப் பெருகிச் சில நாள் சளியும் காய்ச்சலும் தருவதற்கு இடம் இருக்கிறது. 'ஊசி போட்டும் வந்துவிட்டதே, பிறகு எதற்கு' என்று கேட்பவர்கள் மூக்கையும் நுரையீரலையும் ஒரே இடமாக நினைத்துக்கொள்கிறார்கள். சிறு குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸிலிருந்து கைக்குழந்தைகளைக் காக்க 2023 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கும் நிர்செவிமாப் இதற்கு நல்ல உதாரணம். அது தடுப்பூசியே அல்ல, தயாராகச் செய்த ஐஜிஜி ஆன்டிபாடி. தொடையில் போட்ட ஒரே ஊசி, ரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, குழந்தை மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போவதை ஒரு பருவம் முழுவதும் பெருமளவு தடுக்கிறது.

தொற்றால் வரும் ஐஜிஏவும் நிலையானது அல்ல, சில மாதங்களில் குறையத் தொடங்கும். சளி தரும் 229ஈ கொரோனா வைரஸை வைத்து பிரிட்டனில் நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொற்று வந்தவர்களுக்கு ஓராண்டு கழித்து அதே வைரஸை மறுபடி மூக்கில் விட்டபோது பலருக்கும் தொற்று ஏற்பட்டது. ஆனால் வைரஸ் வெளிப்பட்ட காலம் குறைந்திருந்தது, ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை.

எச்சிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் இருக்கும் ஐஜிஏ உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தும், ஐஜிஜி ஈறுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட இடுக்கு வழியாக ரத்தத்திலிருந்தும் வருகிறது. எனவே ஒரே எச்சில் மாதிரியில் இரண்டு இடத்துச் செய்திகளும் கலந்திருக்கும். வாய் வறண்டால் ஐஜிஏ செறிவு உயரும், நிறையச் சுரந்தால் நீர்த்துப்போகும்.

நீர்த்துப்போகும் இந்தச் சிக்கல் நுரையீரலில் இன்னும் பெரிது. நுண்ணறைகளின் மேல் இருப்பது மெல்லிய நீர்ப்படலம். அதை அப்படியே உறிஞ்சி எடுக்க முடியாது. குழாய் இறக்கி 100 முதல் 200 மில்லிலிட்டர் உப்புநீரை விட்டு, திரும்ப உறிஞ்சுகிறார்கள். விட்டதில் ஒரு பங்குதான் திரும்பி வரும், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அளவில். அதில் கிடைத்த ஐஎல்-6 அளவை ரத்த அளவோடு அப்படியே ஒப்பிட்டால் தவறாகிவிடும். இதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. யூரியா சிறிய மூலக்கூறு, சவ்வுகளைத் தாண்டி எங்கும் சமமாகப் பரவும். ஆகவே நுரையீரல் நீரிலும் ரத்தத்திலும் அதன் செறிவு ஒன்றே. கழுவி எடுத்த நீரில் யூரியா எத்தனை மடங்கு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், எத்தனை மடங்கு நீர்த்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நூறு மடங்கை ஒட்டி வரும். அந்தத் திருத்தத்தைச் செய்து பார்த்தால், ரத்தத்தில் கொஞ்சமே தெரிந்த சைட்டோகைன் நுரையீரலுக்குள் குவிந்து கிடப்பது பல நோயாளிகளிடம் வெளிப்படும்.

அளவு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று. 2020-ல் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 கோவிட் நோயாளிகளைச் சோதித்ததில் 101 பேரின் ரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். தொற்றுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தம் கிடைத்த சிலரிடம் அதிலேயே அவை இருந்தன, ஆகவே கோவிட்டால் புதிதாக வந்தவை என்று அவற்றைத் தள்ளிவிட முடியாது. இவர்களின் செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரந்தாலும் அது வேலை செய்வதில்லை. புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஐஎல்-6, ஆன்டிபாடி அளவு என்று பணம் செலவழித்துப் பார்க்கத் தேவையில்லை. சிகிச்சையை அவை மாற்றப் போவதில்லை. மருத்துவர் சிஆர்பி கேட்டால், ஒற்றை எண்ணைவிட ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கே மதிப்பு அதிகம். வைரஸா பாக்டீரியாவா என்ற குழப்பத்துக்கு, இன்டர்ஃபெரானின் தூண்டுதலால் வெள்ளையணுக்களுக்குள் உண்டாகும் எம்எக்ஸ்ஏ புரதத்தையும் சிஆர்பியையும் விரல்நுனி ரத்தத்தில் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன: எம்எக்ஸ்ஏ உயர்ந்திருந்தால் வைரஸ் பக்கமும், அது உயராமல் சிஆர்பி மட்டும் உயர்ந்திருந்தால் பாக்டீரியா பக்கமும் தராசு சாயும். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் இறங்கினாலோ, குறைந்த காய்ச்சல் சில நாள் கழித்துத் திரும்பி வந்தாலோ, எந்தப் புரதத்தின் அறிக்கைக்காகவும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.